விளையாடும் வேளை யாருடையது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது புலர்வதற்கு முன்னரே கிளைக் கிராமத் திருப்பலிக்காகப் புறப்பட்டுவிடுவது நம் வழக்கம். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் நோக்கிச் செல்லும் சாலையில் அவ்வேளையில் இருவகைக் கட்டடங்களில்தான் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒன்று, காட்டு வெளியில் நீண்டு கிடக்கும் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேர வெளிச்சம் வேண்டும்; கதிரவன் தராத நேரத்தை மின்விளக்கு தந்து ஈடுசெய்கிறது. மற்றொன்று, உயர்ந்த மதில்களுக்குள் மாடி மாடியாய் எழுந்து நிற்கும் பள்ளி விடுதிகள். அங்கே பிள்ளைகள் விழித்திருந்து படிக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தாலும் கணக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் வருகிறது.

இப்பள்ளிகளுக்கு மக்கள் 'பிராய்லர் பள்ளிகள்' என்று ஒரு பட்டப்பெயர் சூட்டியிருக்கின்றனர். இவ்வூர்க்காரர்களுக்கு அப்பெயர் சற்றுப் பிழையானது என்பது தெரியும். இங்கே பெரும்பாலும் வளர்வது முட்டைக்கோழி. கறிக்கோழிக்குப் பெயர்பெற்றது பல்லடம் பக்கம். கறிக்கோழியின் கதை ஏறத்தாழ ஆறு வாரத்தில் முடிந்துவிடும். முட்டைக்கோழியோ ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் கணக்குக் காட்டியாக வேண்டும். இவற்றுள் எது பொருத்தமான உவமை என்பதை வாசகரே முடிவுசெய்துகொள்ளட்டும். எவ்வாறாயினும் பிள்ளைகளைக் கோழி என்று அழைப்பது நமக்கு உடன்பாடன்று. அவர்களுள் சிலருக்கு நம் கையாலேயே திருமுழுக்கு அளித்திருக்கிறோம்.

அவர்களுள் ஒருவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2009-ஆம் ஆண்டு, சூன் மாதத் தொடக்கம். நம் பங்கைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் ஒரு மாலையில் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். பையன் பத்தாம் வகுப்பில் 500-க்கு 460-ஐத் தாண்டியிருந்தான். அரசுப் பள்ளியின் கைப்பந்து அணியில் ஆடி, மாவட்ட அணிக்கும் தேர்வாகியிருந்தான். உண்டு உறைவிடப் பள்ளி ஒன்று பாதிக் கட்டணத்தில் அவனைச் சேர்த்துக்கொள்ள முன்வந்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு ஆண்டுகளுக்குப் பந்து, போட்டி, ஊர்ப்பயணம் எதுவும் கூடாது.

“பையன் பந்தை விடமாட்டேங்கறானுங்க சாமி. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேட்டுக்குவானுங்க” என்றார் தந்தை.

நாமும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னோம். “ரெண்டே வருஷம் தம்பி. பந்து எங்கேயும் ஓடிப்போயிடாது. அப்புறம் ஆயுசு பூரா விளையாடலாம்.” பையன் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். தந்தையின் முகம் தெளிந்தது. பையனின் தலையில் கைவைத்து செபித்து அனுப்பிவைத்தோம். அன்று நாம் செய்தது நல்ல மேய்ப்புப் பணி என்றே நம்பினோம்.

அந்த ஆண்டுகளின் சூழலை நினைவுகூர்ந்தால்தான் அத்தந்தையின் அச்சம் விளங்கும். 1978-இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது முதலே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் குடும்பங்களின் தலையெழுத்தாயிற்று. இடையே மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு இருந்தது. 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அதுவும் நீங்கியது. நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குச் செல்ல இயலாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது நீதி என்றே பலரும் வரவேற்றனர், நாமும் வரவேற்றோம். ஆனால் அதன்பின் முழுப் பாரமும் ஒரே தேர்வின்மீது வந்து விழுந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றின் மதிப்பெண்ணை 200-க்குச் சுருக்கிப் பார்க்கையில், அரை மதிப்பெண்ணுக்குள் நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நின்றனர். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரப் பள்ளிகளின் பெயர் தமிழகமெங்கும் பரவியது. தென்மாவட்டத்துப் பெற்றோர் டிரங்குப் பெட்டியோடும் பக்கெட்டோடும் பேருந்திலிருந்து இறங்கும் காட்சி நமக்குப் பழகிப்போயிற்று. பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி இரண்டாண்டுகள் திரும்பத் திரும்பத் தேர்வு எழுதவைப்பது பல இடங்களில் முறையாயிற்று.

அரசு பலமுறை குறுக்கிட்டது. 2017 மே மாதம் முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்குவதாக அறிவித்தது. 2017 முதல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின்கீழ் வந்தது. அதே விடுதிகளில் பயிற்சிக்கான பலகை மாறியது. மைதானத்தில் மட்டும் பெரிய மாற்றம் எதையும் காணோம். கால அட்டவணையில் உடற்கல்வி என்று எழுதியிருக்கும். அந்த மணி அடிக்கையில் கணக்கு ஆசிரியர் சுண்ணக்கட்டியோடு உள்ளே வருவார். 2023-இல் விளையாட்டுத் துறை அமைச்சரே பொதுமேடையில் ஏறி, உடற்கல்வி வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை வேண்ட நேர்ந்தது. கடன் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். அது திரும்பி வந்ததாக எந்தப் பிள்ளையும் நம்மிடம் சொன்னதில்லை. கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகள் இவ்விடயத்தில் கறைபடாதவை என்று நாம் மார்தட்டிக்கொள்ளவும் இயலாது.

இதற்கு எதிராகப் பேசுவோர் வழக்கமாக என்ன சொல்கின்றனர்? விளையாடினால் இரத்த ஓட்டம் சீராகும், கவனம் கூடும், படிப்பு நன்றாக ஏறும் என்கின்றனர். பெற்றோர் கூட்டங்களில் நாமும் இதைச் சொல்லியிருக்கிறோம். இது பொய்யன்று. எனினும் இதைச் சொல்லும்போதே நாம் பாதி தோற்றுவிடுகிறோம். மதிப்பெண்ணுக்கு உதவுவதால்தான் விளையாட்டுக்கு இடம் என்றால், உதவாத நாளில் அதற்கு இடமில்லை என்பதும் முடிவாகிவிடும். தேர்வுக்கு முந்தைய மாதம் ஒரு மணி நேர விளையாட்டைவிட ஒரு மணி நேர வினாத்தாள் கூடுதல் பயன் தரும் என்று ஓர் ஆசிரியர் மெய்ப்பித்துவிட்டால், நம்மிடம் மறுமொழி இல்லை.

இன்னொரு சாரார் வெற்றியாளரைக் காட்டுகின்றனர். நம் சேலம் மாவட்டத்திலேயே சான்றுகள் உண்டு. பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து மோதி வலது காலில் ஊனமுற்றவர். காய்கறி விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்தவர். பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிசில் வெண்கலம் என்று அவர் கொண்டுவந்த பெருமை சிறியதன்று. சின்னப்பம்பட்டியின் நடராசன் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிப் பழகியவர். 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பின்னர் தம் ஊரிலேயே ஒரு மைதானமும் அமைத்தார். இவர்களை எண்ணி நாம் மகிழ்கிறோம். ஆயினும் இவர்களை வாதமாக்கும்போது, விளையாட்டும் ஒரு முதலீடு, அதுவும் ஒரு நாள் இலாபம் தரும் என்றே பேசுகிறோம். பதக்கம் வாங்காத பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் ஆடிய மாலைகள் வீண் என்று சொல்லப்போகிறோமா?

சேலம் நகரத்தின் வசதியான குடும்பங்களில் இச்சிக்கல் வேறொரு முகம் காட்டுகிறது. காலையில் ஸ்கேட்டிங், மாலையில் சதுரங்கம், சனிக்கிழமை சிலம்பம், ஞாயிறு மறைக்கல்வி முடிந்தவுடன் கீபோர்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ். பெற்றோரின் அன்பை நாம் ஐயுறவில்லை. பெட்ரோலுக்கு அவர்கள் செலவிடும் தொகையே அதற்குச் சாட்சி. ஆனால் அப்பிள்ளையைக் கேட்டால் தனக்கென்று ஒரு மணி நேரமும் இல்லை என்பான். பாடச் சுமையோடு விளையாட்டுச் சுமையையும் ஏற்றிவிட்டுச் சமநிலை கண்டுவிட்டதாக நாம் நினைக்கிறோம். மாட்டு வண்டியின் இரு பக்கமும் சமமாக மூட்டை ஏற்றினால் வண்டி சாயாது என்பது உண்மைதான். மாட்டின் கழுத்துக்குத்தான் அது தெரியும். 2018 சூன் முதல் நாள் விளையாட்டைப் பற்றி வத்திக்கான் வெளியிட்ட ஏடும் அதனைப் பாராட்டுவதோடு நில்லாமல், அது பிள்ளைகளை நசுக்கும் சுமையாக மாறக்கூடும் என்றும் எச்சரிக்கிறது.

நாம் இளங்குருமடத்தில் பயின்ற 1980-களில் மாலை நாலரை மணிக்கு மணி அடிக்கும். புத்தகத்தை மூடிவிட்டு மைதானத்துக்குப் போயாக வேண்டும். மறுநாள் தேர்வு என்று கெஞ்சினாலும் அதிபர் தந்தை இசையமாட்டார். நம்மைப் போன்ற, பந்தைக் கண்டால் விலகி ஓடும் ஆள்களுக்கு அது பெரும் தண்டனையாகவே தோன்றியது. பல நாள் எல்லைக் கோட்டருகே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு யாரும் திட்டவில்லை என்பதை இப்போது நன்றியோடு எண்ணுகிறோம். அந்த ஒழுங்கின் பொருள், இறையியல் பயிலும்போது புனித தோமா அக்குவினாசின் 'இறையியல் தொகுப்பை'ப் புரட்டுகையில்தான் சிறிது விளங்கிற்று.

அந்நூலின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில் 168-ஆம் வினா விளையாட்டைப் பற்றியது. அளவுமீறி விளையாடுவது தவறு என்று சொல்லும் தோமா, அடுத்தபடியாக விளையாட்டே இல்லாதிருப்பதும் ஒரு குறை என்கிறார். முன்னதைவிடச் சிறிய குறைதான். ஆயினும் அறிவுக்கு ஒவ்வாதது, பிறர்க்குச் சுமையாவது. அங்கே ஒரு பழங்கதையும் வருகிறது. நற்செய்தியாளர் யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தனர். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவரை அம்பு எய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்தபின், இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனித மனமும் அப்படித்தான் என்றாராம் யோவான்.

மறையுரைகளில் இக்கதையை நாம் பலமுறை பயன்படுத்தியதுண்டு. இப்போது எண்ணிப் பார்த்தால் இக்கதை மட்டும் போதாது என்று தோன்றுகிறது. வில்லின் நாணைத் தளர்த்துவது மறுபடி எய்வதற்காகத்தானே? பள்ளி முதல்வர்களும் இதையேதான் சொல்கின்றனர்: ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் விட்டால் திங்களன்று நன்றாகப் படிப்பார்கள். ஆனால் அதே தோமா வேறோர் இடத்தில், பொயேத்தியுசின் நூலுக்கு எழுதிய உரையின் முகப்பில், ஞானத்தைத் தியானிப்பதை விளையாட்டுக்கு ஒப்பிடுகிறார். விளையாட்டு இன்பம் தருவது. மேலும் அது வேறொன்றை அடைவதற்காக அன்றித் தனக்காகவே நாடப்படுவது. தியானமும் அத்தகையதே என்கிறார். மனிதரின் மிக உயர்ந்த செயலை விளக்குவதற்கு அப்பேரறிஞருக்குக் கிடைத்த உவமை தெருவில் ஆடும் பிள்ளைதான். நீதிமொழிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் ஞானம் கடவுள்முன் விளையாடி மகிழ்கிறது. மீட்கப்பட்ட எருசலேமை இறைவாக்கினர் செக்கரியா காட்டும்போதும் கோட்டையையோ கருவூலத்தையோ காட்டாமல், சிறுவரும் சிறுமியரும் விளையாடும் தெருக்களைக் காட்டுகிறார்.

ஓய்வுநாள் கட்டளைக்கு இணைச்சட்ட நூல் தரும் காரணத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஓய்ந்தால் நன்றாக வேலை செய்யலாம் என்று அந்நூல் சொல்லவில்லை. நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்கள், மறவாதீர்கள் என்கிறது. தன் நேரத்தின் ஒரு பகுதியாவது பயன் கேட்காமல் தன்னிடம் விடப்படுவதுதான் அடிமைக்கும் மகனுக்கும் உள்ள வேறுபாடு என்று நாம் அதைப் புரிந்துகொள்கிறோம். கட்டளை மகனுக்கும் மகளுக்கும் மட்டுமன்றி வேலையாளுக்கும் மாட்டுக்கும்கூட அந்நாளைத் தருகிறது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் உறுப்பு ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்கிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. பதினெட்டு வயதுவரை ஒருவர் குழந்தை என்பதே அங்கு அளவு. ஆகவே பதினாறு வயதுப் பிள்ளையின் மாலைப்பொழுது நாம் அவனுக்கு இரங்கித் தரும் சலுகையன்று. அவனுடையதை நாம் எடுத்துக்கொள்கிறோம். எடுப்பதற்குக் காரணம் இருக்கலாம். எடுக்கிறோம் என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே அந்த ஓட்டுநரின் குரல் நமக்குக் கேட்கிறது. “நீங்க சொல்றது பெரிய இடத்துப் பிள்ளைங்களுக்குச் சரிங்க சாமி.” அவர் அப்படிச் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் நமக்கு எளிதில் மறுமொழி கிடைத்திராது. பணமுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு நான்கு மதிப்பெண் குறைந்தால் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கலாம். இல்லாதவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நான்கு மதிப்பெண்ணோடு கதவு சாத்திக்கொள்ளும். அவன் விளையாடுவதற்கான விலை, மற்றவன் விளையாடுவதற்கான விலையைவிடப் பன்மடங்கு. விளையாட்டின் மேன்மையைப் பேசும் நம்மைப் போன்றோர் பெரும்பாலும் அந்த விலையைத் தராதவர்கள். இரவெல்லாம் சுமையேற்றிய வண்டியை ஓட்டிவிட்டு வரும் ஒருவர், தம் மகன் அந்த இருக்கையில் அமரக்கூடாது என்று எண்ணுவதைப் பேராசை என்று சொல்ல நமக்கு நா எழாது.

அந்தப் பையன் நன்றாகவே படித்தான். கலந்தாய்வில் நல்ல பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்று பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் பணி. தங்கைக்குத் திருமணம் செய்துவைத்தான். ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. 2023-இல் அந்தப் பழைய பங்கின் திருவிழாவுக்கு நம்மையும் அழைத்திருந்தனர். கோவில் திடலில் இளையோர் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓர் அணியில் ஆள் குறைந்தது. ஓரத்தில் நின்ற அவனை யாரோ கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே கையை அசைத்து மறுத்தான். “பழக்கம் விட்டுப்போச்சு சாமி” என்றான் நம்மிடம். சற்று நேரத்தில் பந்து உருண்டு அவன் காலடிக்கு வந்தது. இரு கைகளாலும் எடுத்தான். ஒருமுறை உருட்டிப் பார்த்தான். பிறகு ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல் அவர்களிடம் எறிந்தான். நம்மீது அவனுக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நாம் சொன்ன சொற்கள் அவனுக்கு நினைவிலேயே இல்லாமலிருக்கலாம்.

பந்து எங்கேயும் ஓடிப்போகவில்லை. அந்த அளவில் நாம் சொன்னது சரி. ஆயுள் முழுதும் விளையாடலாம் என்றோமே, அதில்தான் நாம் அறியாததை அறிந்தவர்போலப் பேசிவிட்டோம். பதினாறு வயதில் விட்டதை முப்பது வயதில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு நம்மிடம் என்ன உறுதி இருந்தது? அவனை அப்பள்ளிக்கு அனுப்பியிருக்கவே கூடாது என்று இன்றும் நம்மால் துணிந்து சொல்ல முடியவில்லை. அந்த மாடி வீட்டின் திண்ணையில் அமர்ந்து தேநீர் குடித்தவர் நாம். ஆனால் ஒன்றைச் செய்திருக்கலாம். அந்தப் பள்ளி முதல்வரிடம் சென்று, இவனுக்கு மாலையில் முக்கால் மணி நேரம் விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். மறுத்திருப்பார்கள். கேட்கவேயில்லை என்பதுதான் மனச்சான்றில் நிற்கிறது. குறைந்தபட்சம் பையனிடமாவது, இது உனக்கு ஓர் இழப்பு என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

இவ்வாண்டு கோடை விடுமுறையில் மற்றொரு தந்தை வந்தார். விசைத்தறித் தொழிலாளி. மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவள். கபடியில் பேர் சொல்லும் பிள்ளை. அதே கேள்வி. இம்முறை நாம் மேலே எழுதியவற்றையெல்லாம் நம்மால் இயன்ற எளிய மொழியில் சொல்லிப் பார்த்தோம். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார், முகத்தில் மாற்றமில்லை. பிறகு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், நீட் தேர்வில் தேறும் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு, 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது, பொறியியலுக்கும் அடுத்த ஆண்டே வந்துவிட்டது, இப்போது தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது போய்விடும் என்றோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படிங்களா சாமி? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே” என்றார். தோமா அக்குவினாசால் ஆகாதது 7.5-ஆல் ஆயிற்று. நமக்குச் சிரிப்பும் வந்தது, சிறிது வெட்கமும் வந்தது.

எழும்போது அவர் கேட்டார்: “ஆட்டத்தையும் விடாம மார்க்கும் வந்துருமுங்களா?”

“தெரியாதுங்க” என்றோம். “வரலாம். கொஞ்சம் குறையவும் குறையலாம்.”

அவர் ஒன்றும் பேசாமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். சென்ற வாரம் ஒரு நோயாளியைச் சந்தித்துவிட்டு அப்பள்ளி வழியாகத் திரும்பினோம். திடலில் புழுதி பறந்துகொண்டிருந்தது. வாயிற்கதவருகே மொபெட்டின்மேல் அமர்ந்து, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறேகால். உள்ளே பார்த்தார். மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தார். மகளைக் கூப்பிடவில்லை.